அவானாச் சுருட்டின் நடுப்பங்கு

கரிக்கலாம்பாக்கத்துப் பச்சையப்பன் சுருட்டை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. தானாக விடவில்லை. போன பொங்கலுக்குச் செலியமேட்டில் மாமனார் தணிகைவேல் வீட்டுக்குப் போனவன், வாயில் சுருட்டோடு வைக்கோல் போரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டான். சூடு பட்டதும் அவன் எழுந்து ஓடிவிட்டான். போரால் ஓட முடியவில்லை. அது எரிந்து முடிந்த சூட்டோடு சூடாக, ஊர் பார்க்க மாமனார் அவனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினார். இனிச் சுருட்டைத் தொட்டால் மீசையை எடுத்துவிட வேண்டும்.

அந்த மீசை லேசுப்பட்டது இல்லை. விளக்கெண்ணெய் தடவி அதை முறுக்கி நிறுத்திவிட்டுப் பச்சையப்பன் கரும்புக் கொல்லைக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். வில்லியனூர்த் தேரில் அவன் வடம் பிடித்தால், பாதிப் பேர் சாமியைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் மீசையைப் பார்ப்பார்கள்.

ஆகவே அவன் சுருட்டை மறந்தே இருந்தான். பாகூர் ஏரிக்கு வாத்துச் சுட வந்த பிரெஞ்சுக்காரத் துரையின் மோட்டார் கார் சேற்றில் புதையும் வரைக்கும்.

பச்சையப்பனின் மாடுகள் மோட்டாரை இழுத்துக் கரையேற்றின. துரை மகிழ்ந்து போய்ச் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிநிறக் குழலை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பொன் காகித மோதிரம் போட்ட ஒரு சுருட்டு, பெருவிரல் பருமன். துரையோடு வந்திருந்த குமாஸ்தா கண்ணையன்தான் விளக்கம் சொன்னார்.

"இது சிகாருய்யா. கப்பல்ல அவானாங்கற சீமையிலேருந்து வருது. பொகைய முழுங்கக் கூடாது. வாயில வெச்சிருந்து ருசி பாத்துட்டு உடணும். மொதப் பங்கு சாது. நடுப்பங்குதான் உசுரு. கடைசிப் பங்கு கசக்கும், தொரைமாருங்க அத்தத் தூக்கிப் போட்டுருவாங்க."

வரும் வழியெல்லாம் பச்சையப்பன் மனசாட்சியோடு வழக்காடினான். சத்தியம் பண்ணியது சுருட்டுக்கு. இது சிகார். வழக்கு கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் அவன் பக்கமே தீர்ப்பானது.

இடம்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அப்போது அவன் கொல்லையில் கரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் காலை முதல் புகை. அந்தப் புகையில் இந்தப் புகையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆட்கள் சாப்பாட்டுக்குப் போனதும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தான். கரும்பு வெட்டும் கத்தியால் சுருட்டின் நுனியை நறுக்கினான். அடுப்புக் கொள்ளியில் பற்றவைத்தான்.

முதல் இழுப்பில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததில் புது வைக்கோல் வாசம் வந்தது. பிறகு காய்ச்சிய பால் மாதிரி ஒரு மென்மை. நாட்டுச் சுருட்டு வாயில் நுழைந்தால் சண்டைக்காரன் வீட்டில் நுழைந்த மாதிரி இருக்கும். இது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தது. சாம்பல்கூட உதிராமல் வெள்ளையாக நின்றது. சாதுப் பங்கு முடிந்தது. வைக்கோலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. பச்சையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னாங்க, இங்கியா கீறீங்க?"

மனைவி தையலம்மாள், தலையில் சோற்றுக்கூடையோடு. சுருட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போனது.

"வெல்லப் பொகை கண்ணக் கரிச்சுது. அதான் இப்படி ஒக்காந்தேன்."

"வெல்லப் பொகை அந்தாண்ட போவுது. ஒங்க முதுவுலேருந்து வர்றது மட்டும் எதுக்கு இந்தாண்ட வருது?"

இனி மறைத்துப் பயனில்லை. சுருட்டை முன்னால் கொண்டுவந்து, தீர்ப்பை வாசித்தான். "தையலு, நான் சத்தியம் பண்ணது சுருட்டுக்கு. இது சிகாரு. வேற சாதி."

அவள் கூடையை இறக்கிவைத்து யோசித்தாள். "நெசமாவே இது சுருட்டு இல்லியா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப பொம்பள குடிச்சாலும் குத்தம் இல்ல. சுருட்டுதான ஆம்பள சமாசாரம். இங்க குடுங்க."

பச்சையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் இருமிக்கொண்டே வீடு வரை ஓடுவாள், ஊரில் வாய் திறக்கவும் மாட்டாள். கொடுத்தான்.

அவள் இருமவில்லை. கன்னம் குழிய இழுத்து, வாயை மூடி, கண்ணையும் மூடி, பிறகு மெல்லியதாக ஒரு புகைக் கோடு விட்டாள்.

"எங்கடி கத்துக்கின?"

"சின்னதுல எங்கப்பாவுக்கு அடுப்புல பத்தவெச்சிக் குடுக்கறது நான்தான. அவரு கைக்குப் போறதுக்குள்ள பாதி கொறஞ்சிரும். எலி கடிச்சிதுன்னு சொல்லுவேன்."

அவன் கையை நீட்டினான்.

"சோறு ஆறுது பாருங்க. விரால் மீன் கொழம்பு. மொதல்ல சாப்புடுங்க, அதுவரிக்கும் நான் இத்த அணையாமப் பாத்துக்கறேன்."

விரால் குழம்பை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியாது. அவசரமாகப் பிசைந்தான். ஆறுகிறது என்றாளே தவிர குழம்பு கொதித்தது, காரம் நாக்கைப் பிடுங்கியது. எதிரில் அவள் கரும்புக்கட்டின் மேல் சாய்ந்து, அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பிக்கொட்ட வறுக்கற வாசன," என்றாள்.

"ம்."

"இப்ப சந்தனம் ஒரைச்ச மாதிரி கீது. ஈரச் சந்தனம்."

"போதும், குடு."

"மீன் முள்ளு, பாத்து. இப்ப வாயெல்லாம் பாகு மாதிரி இனிக்குது. ஏங்க, ஒங்களுக்கும் இப்டித்தான் இருந்துதா?"

அவன் இரண்டு கவளத்தை ஒன்றாக்கி விழுங்கினான். கைகழுவி வருவதற்குள் பொன் மோதிரம் நெருப்புக்கு வெகு அருகில் வந்திருந்தது. சுருட்டைக் கொண்டுவந்தவன் அவன், சுருட்டியவள் அவள்.

மிச்சத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, தையலம்மாள் வாய் கொப்பளித்து, கிராம்பு வைத்து வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டாள். பச்சையப்பன் விடவில்லை. துரைமார் தூக்கிப் போடுவதை வெறியோடு இழுத்தான். வெந்துபோன நாக்கில் வேப்பெண்ணெயை ஊற்றியது போலிருந்தது. தலை சுற்றியது. கரும்பாலை சுற்றாமல் நின்றிருக்க, கொல்லைதான் அவனைச் சுற்றிவந்தது.

அப்போது வண்டிமாட்டு மணி கேட்டது.

"சொல்ல மறந்துட்டேன்," என்றாள் தையலம்மாள். "புது வெல்லம் பாக்க அப்பா வர்றதா ஆளு வந்து சொல்லிட்டுப் போனான்."

தணிகைவேல் வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்து மருமகன் கையைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது?"

"சிகாரு மாமா. சுருட்டு இல்ல."

"பொகை வருதா?"

"வருது."

"அப்ப சுருட்டுதான்."

"மாமா, ஒங்க பொண்ணுதான்..." என்று தொடங்கினான். தையலம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பசுமாட்டுக் கண்ணோடு அவனைப் பார்த்தாள். கிராம்பு மணத்தது. இதை யார் நம்புவார்கள்? நம்பினால் அதைவிட மோசம். பச்சையப்பன் பெண்டாட்டி சுருட்டுக் குடிக்கிறாள் என்று பாகூர் வரைக்கும் ஊர் சிரிக்கும்.

"எம் பொண்ணு இன்னா?"

"விரால் கொழம்பு நல்லா வெக்கறா."

பொழுது சாய்வதற்குள் மீசை போய்விட்டது. மாமனார் கூடவே இருந்து, இரண்டு பக்கமும் சரியாக எடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான், வெல்லத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் உட்கார்ந்து பச்சையப்பன் மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். தையலம்மாள் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடுத்த தபா தொரை குடுத்தா ரெண்டா வாங்கினு வாங்க. ஒங்களுக்கு எப்பவும் கடைசிப் பங்கையே குடுக்க எனக்குப் பாவமாக் கீது."