பயிற்சி வண்டியில் ஒரு மகள்

கைப்பேசி சட்டைப் பைக்குள் துடித்துக்கொண்டிருந்த வேளையில், ஓட்டுநர் பயிற்சியாளரின் கால் தமக்கெனப் பொருத்தப்பட்ட இரண்டாவது பிரேக்கின் மீதும், கை மாணவர் பிடித்திருந்த ஸ்டீரிங்கின் மீதும் இருந்தன. எடுப்பதற்கு மூன்றாவது கையை ஆண்டவன் அருளவில்லை.

அழைத்தவள் மகள். தொலைதூர நாட்டில் அவளுக்கு ஓய்வு வாய்க்கும் அரைமணி நேரம், இங்கே அவருடைய பத்து மணி வகுப்பாக அமைந்துவிட்டது. அவர் திரும்ப அழைக்கையில் அவள் வேலைக்குள் புகுந்திருப்பாள். இவ்வாறாக, தந்தையும் மகளும் பல மாதங்களாகத் தவறிய அழைப்புகளின் வாயிலாகவே அன்பு பாராட்டி வந்தனர்.

"வண்டியோட வந்த ஸ்டீரியோவத் தூக்கிப் போடுங்க மாஸ்டர். புதுசு மாட்டினா, போன் வந்ததும் வண்டியே பேசும்" என்றார் ஸ்டீரியோ கடைக்காரர்.

மாட்டியாயிற்று. கண்ணாடியருகே கடுகளவு மைக் ஒன்றும் ஒட்டப்பட்டது. சரியாக அப்போது மகள் அழைத்தாள்.

"அப்பா! நிஜமாவே எடுத்துட்டியா? சாப்பிட்டியா? முதுகுக்கு எண்ணெய் தேச்சியா இல்லையா?"

கடை முழுவதும் அக்குரல் நிறைந்தது. பெஞ்சில் காத்திருந்தோர் சிரித்தனர். அவர்களுள் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் மட்டும் சிரிக்காமல், கையிலிருந்த பத்திரிகையை மெல்ல மடித்து வைத்தார்.

மறுநாள் காலை அதே பெண்மணி பயிற்சிப் பள்ளியில் நின்றார்.

"லைசன்ஸ் இருக்கு மாஸ்டர். ஆனா கை நடுங்குது. பத்து மணி வகுப்புதான் வேணும்."

"அப்ப ரோட்ல கூட்டம் ஜாஸ்தியாச்சேம்மா."

"கூட்டத்துலதானே பழகணும்?"

"வீட்ல யாரு இருக்காங்க?"

"டிவி இருக்கு" என்றார் அவர்.

புதிய மாணவி ஓரளவு நன்றாகவே ஓட்டினார். ஆனால் மகளின் அழைப்பு வந்த கணமே இஞ்சின் அணைந்துவிடும். அழைப்பு முடியும்வரை உயிர் பெறாது.

"கிளட்ச்சும்மா, கிளட்ச்!"

"பதட்டம் மாஸ்டர். நீங்க பேசுங்க, நான் பாத்துக்கறேன்."

பின்னால் ஹாரன்கள் அலறின. "என்னப்பா, ஊரே ஹாரன் அடிக்குது?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. உலகத்துலயே மெதுவான மாணவி எனக்குத்தான் கிடைச்சிருக்காங்க."

மாணவி, பரிசு பெற்றவர்போல் முகம் மலர்ந்தார்.

ஹாரன் இரைச்சலில் மகளின் சொற்கள் மூழ்கிப்போகவே, பயிற்சியாளர் ஒலியைக் கூட்டினார். விளைவாக, சிக்னலில் பக்கத்து இருசக்கர வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "எண்ணெய் தேச்சுக்கோங்க மாஸ்டர்" என்று அறிவுரை வழங்கினார். பயிற்சியாளர் கண்ணாடிகளை ஏற்றினார். உள்ளே வெந்து போயிற்று. மீண்டும் இறக்கினார்.

இறக்கிய அன்றுதான் மகளின் குரல் உடைந்தது.

"அப்பா… இங்க எனக்குப் பேசக்கூட ஆளில்லப்பா. உன்னைப் பாக்கணும்போல இருக்கு."

அவர் வாய் திறப்பதற்குள், அடுத்த வண்டியிலிருந்து வேறொரு குரல் முந்திக்கொண்டது: "அழாதம்மா! அப்பா நல்லாத்தான் இருக்காரு!"

கடுகளவு மைக் தன் கடமையைச் செவ்வனே செய்தது.

"அப்பா… யாரது?"

"சிக்னல்ல நிக்கிறவருடா."

இணைப்பு அறுந்தது. அதன்பின் நாள்தோறும் பத்து மணி வந்தது, அழைப்பு வரவில்லை. அவரே அழைத்தபோதும் அவள் எடுக்கவில்லை.

இஞ்சினும் அணையவில்லை. ஒருநாள் மாணவி, இரு லாரிகளுக்கு நடுவிலிருந்த சந்தில், பார்வையை ஸ்டீரியோவிலேயே பதித்தபடி, ஒரே வீச்சில் வண்டியைப் பின்னோக்கிச் செருகி நிறுத்தினார்.

"இன்னிக்கும் கூப்பிடலையா மாஸ்டர்?"

"இல்லம்மா" என்றார் அவர். தம் துயரத்தில், நிறுத்தப்பட்ட அழகை அவர் கவனிக்கவேயில்லை. "கடைக்கு விடுங்க. பழைய ஸ்டீரியோவையே மாட்டிடலாம்."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவருடன் குனிந்தார். மாணவி அவர் கையைப் பற்றினார்.

"பொறுங்க தம்பி. இன்னும் பத்தரை ஆகல."

வண்டி ஒலித்தது.

"அப்பா… நீ தனியாவா இருக்க?"

பயிற்சியாளர் மாணவியைப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லடா. என் மாணவி இருக்காங்க. கடைக்காரரும் இருக்காரு. இறங்கச் சொல்லட்டுமா?"

"அந்த இஞ்சின ஆஃப் பண்றவங்களா?" மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இருக்கட்டும்பா. அவங்க சாப்பிட்டாங்களான்னு கேளு."

"சாப்பிட்டேம்மா" என்ற மாணவி, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அப்பால் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அழைப்பு நெடுநேரம் நீண்டது. முடிந்ததும் பயிற்சியாளர் கண்களைத் துடைத்தவாறு கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாவம், ரோட்டப் பாத்தாலே அழறாங்க. இந்த ஜென்மத்துல இவங்களுக்கு வண்டி ஓட்ட வராது."

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் செருகினார்.

"இவங்களுக்கா? வருஷக்கணக்கா ஸ்கூல் வேன் ஓட்டினவங்க மாஸ்டர்! அன்னிக்கு நீங்க கிளம்பினதும், உங்க பொண்ணு தினம் எத்தனை மணிக்குக் கூப்பிடும்னு எங்கிட்டதான் விசாரிச்சாங்க."