சாரசக் கொக்கு காட்டப் போன விவரம்

மைன்புரி,
பாதோன் மாதம், தேய்பிறை, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்ரீ ரகுவர் தயாள் ஸ்ரீவாஸ்தவ் அவர்களுக்கு, கால்வாய்த் துறையில் முப்பத்தொரு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற திரிவேணி சஹாய் சக்சேனா இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. பகவான் அருளால் இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் இடது தோளில் கட்டுப் போட்டிருக்கிறது. லக்னோவில் தாங்களும் சம்பந்தியம்மாவும் இந்த மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

என் மகள் சுமேதாவை அழைத்துப்போக வந்த தங்கள் புதல்வர் நிகுஞ்ச், ஞாயிறு சாயங்காலமே வீடு திரும்பியிருக்க வேண்டும். இன்றைக்கு ஐந்தாவது நாள். தாங்கள் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் நான் எடுக்கவில்லை, மன்னிக்கவும். வாயால் விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எத்தனை அணை உடைந்தாலும் எழுத்தில்தான் கொடுத்திருக்கிறேன்.

சாவன் மாதத்துக்குப் பிறந்த வீடு வந்த பெண், ராக்கி கட்டி முடிந்தும் புக்ககம் திரும்ப மாட்டேன் என்றதன் காரணம் தங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மாப்பிள்ளை அலுவலகத்தில் விடுமுறைப் பயணப் படிவம் நிரப்பியிருக்கிறார். அதில் குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் தங்கள் பெயரும் சம்பந்தியம்மா பெயரும் இருந்தன, இவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, ரெண்டே கோடுதான் இருந்தது, அப்பா அம்மா எழுதியதும் தீர்ந்துபோச்சு என்றாராம். "சரி, கோட்டுக்கு வெளியே இருக்கிறவ இங்கேயே இருந்துக்கறேன்" என்று இவள் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். மாப்பிள்ளை சனிக்கிழமை வந்து கூடத்தில் உட்கார்ந்து, கால் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்பது ஒரே பெண்.

அப்போதுதான் எனக்குச் சாரசக் கொக்கின் ஞாபகம் வந்தது. ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது பட்டினி கிடந்து உயிரை விடும் என்று நம் பக்கத்தில் சொல்வதைத் தாங்கள் அறிவீர்கள். மழைக்காலத்தில் அது வயல் தண்ணீரில் கூடு கட்டி, ஜோடியாக ஆடி, ஜோடியாகக் கூவும். பத்துப் பெரியவர்கள் சொல்லிப் புரியாததை ஒரு ஜோடிக் கொக்கு புரியவைக்கும். உடனே கோடு போட்ட தாளில், லக்னோ போகிற வழியில் நான்கு நிறுத்தங்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்று திட்டம் வகுத்தேன். நேரம், இடம், பறவை, கிடைக்க வேண்டிய படிப்பினை என நான்கு கட்டங்கள், மூன்று பிரதிகள். நாலாவது நிறுத்தம் வரை நானும் சுமேதாவின் அம்மாவும் கூடப் போய், பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை அவள் பூரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை காரின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சுமேதாவும் மறுக்காமல் முன்சீட்டில் ஏறியதைத் திட்டத்தின் முதல் வெற்றியாகக் குறித்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தம் கிஷ்னி தாண்டி சிங்காடாக் கொடி தண்ணீரில் படர்ந்த ஒரு குளம். சாரசம் வரவில்லை. ஆனால் இலைகளின் மேல், நீண்ட வாலோடு ஒரு அழகான பறவை சேலை நனையாமல் நடக்கிற மாதிரி நடந்தது. லாரி டியூபில் மிதந்தபடி குளத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த துலாரே என்ற ஆளிடம், இதுவும் நல்ல குடும்பத்துப் பறவைதானே என்று கேட்டுத் தொலைத்தேன். "இலைக்கோழிங்க சாமி. பொட்டை முட்டைய வச்சிட்டுக் கிளம்பிரும். அடைகாக்கிறது, குஞ்சை மேய்க்கிறது எல்லாம் ஆம்பளை பாடு. அதுக்குள்ள அது அடுத்த ஆம்பளையைத் தேடிக்கும்" என்றான். சுமேதா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இருபது நிமிடத்துக்குப் பதில் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

இரண்டாவது, கால்வாய்க் கரைக் கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி. ஆண் குருவி பாவம், பாதிக்கூடு கட்டி, தலைகீழாகத் தொங்கி அழைக்கிறது. பெண் வந்து நாலு நாரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. வீடு சரியில்லையென்றால் எவள் வருவாள் என்றாள் என் மகள், மரத்தைப் பார்த்துத்தான். மாப்பிள்ளையைத் தேற்றலாமென்று, நான் பறவைப் புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன்: ஒருத்தி குடிவந்ததும் ஆண் சும்மா இருப்பதில்லை, பக்கத்துக் கிளையில் இன்னொருத்திக்கு இன்னொரு வீடு ஆரம்பித்துவிடும் என்று. பாதியில் நிறுத்தியிருக்கலாம், வாக்கியம் என்னை விடவில்லை. மாப்பிள்ளை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சுமேதா முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது இடத்தில் நிறுத்தவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் தேநீர்க் கடை, தூறல், வேப்பமரத்தில் சுடலைக்குயில் வேறு கூவியது. மழைக்காக ஏங்கும் பறவை. பொறுமை என்று நாலாம் கட்டத்தில் எழுதியிருந்தேன். அது அடுத்தவர் கூட்டில் முட்டையிடுகிற குயில் என்று மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்ததோ, சொந்த வீடு இருக்க மாசக்கணக்கில் இன்னொரு வீட்டில் தங்குகிற வழக்கம் பறவைக்கும் உண்டு போலிருக்கிறது என்றார். அப்புறம் பூரியை ஆளுக்கொரு திசை பார்த்து நின்று சாப்பிட்டார்கள். சுமேதாவின் அம்மா இருவருக்கும் சம அளவில் ஊறுகாய் வைத்தாள்.

நான்காவது நிறுத்தத்தில் சாரசம் இருந்தது. சம்பந்தி ஐயா, ஜோடியாக இருந்தது. நெல் வயலில் முழங்கால் தண்ணீரில், சிவந்த தலையைத் தூக்கி இரண்டும் ஒரே மூச்சில் கூவின. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கிட்டப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி நானே வரப்பில் முன்னால் நடந்தேன். கூடு வரப்பை ஒட்டியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதில் ஆண் எது பெண் எது என்று விசாரிக்க அவகாசம் இல்லை, ஒன்று சிறகை விரித்துக்கொண்டு வந்தது. நான் ஐந்தடி நாலங்குலம். அது என்னைவிட நாலு விரற்கடை உயரம். தோளில் ஒரே கொத்து, நான் சேற்றில் மல்லாந்தேன். மாப்பிள்ளை காரை அப்படியே விட்டுவிட்டு, குடையைத் திறந்து கேடயமாகப் பிடித்துக்கொண்டு வயலில் குதித்தார். சுமேதா செருப்போடு மறுபக்கம் இறங்கி என் இன்னொரு கையைப் பிடித்தாள். கைப்பிரேக் போடாத கார் எங்கள் பின்னாலேயே சரிந்து வந்து, கூட்டுக்கு இரண்டு முழம் தள்ளி, மூக்கைச் சேற்றில் புதைத்து நின்றது. கொக்கு என்னை விட்டுவிட்டு அதைக் கொத்தப் போயிற்று.

"பாபூஜி, இதை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?" என்றாள் மகள். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, என்னை இரண்டு தடவை கீழே போட்டார்கள். "சிரிச்சிக்கிட்டே தூக்காதீங்க, மனுஷன் வழுக்குறாரு" என்று வரப்பிலிருந்து சுமேதாவின் அம்மா சொன்னாள்.

முட்டை இருக்கிற இடத்தில் டிராக்டர் விட மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் மறுத்து, பதினொரு பேர் கயிறு கட்டி, கொக்கு மேயப் போகிற நேரம் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் இழுத்தார்கள். இன்ஜினில் இருந்த சேறு எடுக்க ஒரு நாள். அதுவரை நால்வரும் பஸ்ஸில் மைன்புரி திரும்பிக் காத்திருந்தோம். தாமதத்துக்குக் காரணம் இதுவே. நாளை காலை பிள்ளைகள் புறப்படுகிறார்கள். இங்கே மாடியில் தினமும் ஒன்றாக உட்கார்ந்து, என்னைப் பற்றிப் பேசிச் சிரித்து, ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இந்தச் சமாதானம் முறையான திட்டத்தால் விளைந்தது என்பதைத் தாங்கள் உறவினரிடம் சொன்னால் எனக்கு ஆட்சேபமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும் குடும்பம் நிறைவாகவும் நூறு மழை காண வேண்டும்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
திரிவேணி சஹாய் சக்சேனா

பின்குறிப்பு (வெள்ளி காலை): உறை ஒட்டுவதற்குள் சுமேதாவின் அம்மா இதைப் படித்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம், நான் தாளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதே, மாப்பிள்ளை சமையலறையில் பூரி இட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டு, இருவரும் ராசியாகிவிட்டார்களாம். நான் மூன்று பிரதி எடுத்துவிட்டேனே என்று பரிதாபப்பட்டுத்தான் வண்டியை ஒவ்வோரிடத்திலும் நிறுத்தினார்களாம். வழியில் நடந்த சண்டை முழுக்கவும் பறவைகள் மூட்டியதாம். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷமா எழுதிக் குடுக்கறீங்க, ஒண்ணுகூடக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு காரில் ஏறிவிட்டாள். இக்கடிதம் வருமுன் அவள் தங்கள் இல்லம் வந்து சேர்ந்திருப்பாள். தசரா வரை இருப்பாளாம். எந்த வருஷத்துத் தசரா என்று சொல்லவில்லை. தயவுசெய்து சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று, தாங்களே தெரிந்துகொள்ள விரும்புவது போல, அவளிடம் கேட்டு எழுதவும்.