லென்ஸில் வைத்த பொட்டு

எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். புத்தி அதற்குப் பின்னால்தான் வரும். சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்து ஊரான உலு திராமில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில் அது ரொம்பவே தாமதமாக வந்தது.

காருக்குள் ஒயரைப் பிடித்துக்கொள்ளும் குட்டி கிளிப்தான் எங்கள் தயாரிப்பு. முதன்முறையாக ஜெர்மனிக்கு ஆர்டர். (ஜெர்மனி! அம்மா கம்பம் முழுக்க, அதாவது கிராமம் முழுக்க, சொல்லிவிட்டார்.) குறித்த நாளில் கன்டெய்னர் கிளம்பாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். அதற்கு முந்தின நாள் பார்த்து ஆயுத பூஜை.

"பூஜை செய் லா தம்பி, ஆனா வேலை நிக்கக் கூடாது," என்றார் முதலாளி ரஹீம் பாய்.

எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். கண்ணாடி அறையில் கிளிப்பை அளக்கும் கருவி தனியாக நின்றது. அதை மட்டும் விடுவானேன்? பளபளவென்று இருந்த இடத்தில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். (நெற்றி என்று நினைத்தேன். லென்ஸாம்.)

மறுநாள் காலை கருவி எல்லாக் கிளிப்பையும் ரிஜெக்ட் செய்தது. பதறிப்போய்ச் சட்டைக் கையால் துடைத்தேன். லென்ஸில் கீறல் விழுந்தது.

"அலமாக்! என்னப்பா செஞ்ச?"

"கிளிப் நல்லாத்தான் இருக்கு முதலாளி. அனுப்பிடலாம்."

"நல்லா இருக்குன்னு யார் சொல்றது, நீயா? அளந்த ரிப்போர்ட் இல்லாம அவங்க பெட்டியையே திறக்க மாட்டாங்க!"

அப்புறம் போன் ஓயவில்லை. லாரிக்காரர், சுங்க ஏஜென்ட், இன்சூரன்ஸ், கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்தவர், ஜெர்மனியில் சரக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்று எல்லாரும் அந்த ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் செய்கிறோம், கப்பல் கொண்டுபோகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிளிப்பைக் கையால்கூடத் தொடாத இத்தனை பேர் சேர்ந்துதான் அதை உலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கருவியைச் சரிபார்க்கும் சுபா அக்கா சிங்கப்பூரிலிருந்து வரும் எல்லைப் பாலத்து ஜாமில் மாட்டி, மதியம்தான் வந்து சேர்ந்தார். லென்ஸை மாற்றினார். அளவு துல்லியமாகத் தெரிந்த சின்ன எஃகுக் கட்டை ஒன்றை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியின் திருகாணியைத் திருகினார். முடியைவிட மெல்லிய பிழை திரையில் குறைந்து குறைந்து பூஜ்யமானது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

"பொட்டை வெளிப்பக்கம் வைங்க தம்பி, கண்ணுக்குள்ள வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளிப்புகளை அளந்து ரிப்போர்ட் எடுத்ததும் கன்டெய்னர் கடைசி நேரத்தில் கிளம்பியது. ஆர்டரும் நிலைத்தது, என் வேலையும் நிலைத்தது. பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வருடா வருடம் ஆயுத பூஜையன்று எனக்குக் கட்டாய விடுமுறை.

போன வருடம் கோயிலில் குருக்கள் என் மகளிடம், "ஆயுத பூஜைன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"எங்கப்பாவ ஃபேக்டரிக்குள்ள விடமாட்டாங்களே, அந்த நாள் சாமி!"