முன்கதவு அங்கிள்

மெல்பர்னில் பக்கக் கதவு வழியாக எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழையாத ஒரே மனிதர் எங்கள் முன்கதவு அங்கிள்தான். கோயிலானாலும் பல் டாக்டரானாலும் தலைவாசல்தான். அது பூட்டியிருந்தால் பல்வலியோடு வீடு திரும்புவார்.

கிளென் வேவர்லி ரயில் பாதையோரம் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட் கட்டடம், ஒரு காலத்தில் பையன்கள் மட்டும் படித்த கிராமர் ஸ்கூல். யாழ்ப்பாணத்திலிருந்து பத்து வயதில் வந்த அங்கிள் அங்கேதான் படித்தார். முன்னாலிருக்கும் பதினெட்டுப் படிகளும் பெரிய கதவும் வாத்தியார்களுக்கும் மாணவர் தலைவர்களுக்கும் மட்டும். மற்ற பையன்களுக்கு சைக்கிள் ஷெட் பக்கம் ஒரு சின்னக் கதவு.

"ஒருநாள் நல்ல மழை, தம்பி. முன்கதவால ஓடிப் போனனான். ஹெட்மாஸ்டர் ஆறு பிரம்படி போட்டார். 'இனி இந்தக் கதவால் வரமாட்டேன்' எண்டு இருநூறு தரம் எழுதவும் வைச்சார்."

"எழுதினீங்களா?"

"எழுதினனான். அதுக்குத்தானே இப்ப இங்கயே குடிவந்திருக்கிறன்!"

பள்ளி வேறொன்றோடு இணைந்து இடம் மாறியதும் கட்டடம் ஃபிளாட்டுகளானது. முதல் வீட்டை வாங்கியவர் அங்கிள். ஹெட்மாஸ்டரின் அறை இருந்த இடம். பிரம்பு வைத்திருந்த அலமாரியில் இப்போது மிளகாய்த்தூள் இருக்கிறது.

என் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கார் பார்க் பக்கம் அருமையான லிஃப்ட் இருக்க, இந்த மனிதர் வாசலில் நின்று, "திஸ் வே, ஜென்டில்மென்!" என்று ஆட்களைப் பதினெட்டுப் படியும் ஏற்றிவிட்டார்.

"ஏன் அங்கிள் என் உயிரை வாங்குறீங்க?"

"உம்மட ஃபிரிட்ஜ் என்ன குற்றம் செய்தது, பின்னால வாறதுக்கு?"

அப்போதுதான் குடியிருப்போர் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. முன்கதவை நிரந்தரமாகப் பூட்டி, அதன் மேல் பள்ளியின் வரலாற்றுப் பலகையை மாட்டுவதாம்!

"அடைச்ச கதவில என்ன வரலாறு?" என்று கத்திய அங்கிள், திறந்த வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுத் தேநீர் பிளாஸ்கோடு உட்கார்ந்துவிட்டார். பலகை மாட்டுபவர் மூன்று முறை வந்து திரும்பினார்.

ஆனால் முழங்கால் வலி விடுமா? ஆபரேஷனுக்குப் போகும்போது, "கதவைப் பாத்துக்கொள்ளும், தம்பி" என்றார்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை வாசலில் பலகை மாட்டுபவர் தன் டிரில் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. லேப்டாப்பும் போர்வையுமாக ஓடிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபீஸ் மீட்டிங் எல்லாம் அங்கிருந்துதான் நடந்தது.

"யூ டூ?" என்றார் டிரில்காரர்.

"மீ டூ" என்றேன், பல் குளிரில் தந்தியடிக்க.

பத்தாம் நாள் கமிட்டி சலித்துப்போய்ப் பலகையைப் பக்கத்துச் சுவரில் மாட்டியது. அதற்குப் பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஆபரேஷனுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து அங்கிள் வந்தார். டாக்ஸி லிஃப்ட் பக்கம் நின்றது. அவர் இறங்க மறுத்து, வண்டியை முன்னால் விடச் சொன்னார். ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். மேலே வந்ததும் திறந்திருந்த கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது என்ர கதிரை" என்றார்.

அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். மறுநாளே இன்னொரு நாற்காலி வாங்கி வந்து பக்கத்தில் போட்டேன், பதினெட்டுப் படியும் ஏற்றித்தான்.