எதிர்மாடி கமாண்டோ

முட்டாள்தனத்தில் எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை, எல்லாம் சுயமுயற்சி. ஒரே ஒரு முறைதான் புத்தகத்தின் துணை தேவைப்பட்டது.

அது ஒரு கமாண்டோ எழுதிய போர் அனுபவம். எதிரியின் வீட்டைக் கண்காணிக்க மூன்று நாள் ஒரே புதருக்குள் அசையாமல் கிடந்ததையெல்லாம் மனிதர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் அதைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஃபேனுக்குக் கீழே மல்லாந்து, முறுக்கு தின்றபடி படித்தேன். (அசையாமல் கிடப்பதில் அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அப்போதுதான் தோன்றியது.) பன்னிரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் என் நடையே மாறிவிட்டது. ஹோட்டலுக்குப் போனால் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் தங்கை பவானிக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை இளங்கோ, மருந்துக்கடை வைத்திருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்குமுன் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற ஒரு வேலை பாக்கியிருந்தது: மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய்ச் சத்தமில்லாமல் விசாரிப்பது.

"தெரு முனையில டீக்கடை இருக்கும், அயர்ன் கடை இருக்கும். புள்ள குடிப்பானா, கோவக்காரனான்னு ரெண்டு பேரக் கேளு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடு" என்றார் அப்பா.

பவானி வாசல்வரை வந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைகூடும் நேரத்தில் தட்டிப்போயிருந்தன. "அண்ணே, எனக்கு இவரப் புடிச்சிருக்கு. எதையாச்சும் பண்ணிக் கெடுத்துடாத."

கெடுப்பதா? நானா?

டீக்கடையில் விசாரிப்பது சாதாரண ஆட்கள் செய்கிற வேலை. உள்ளூர்க்காரனிடம் வாய் திறந்தால் தகவல் கசியும் என்று ஒன்பதாம் அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே பச்சை டீ-ஷர்ட், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பைனாகுலர், பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில், வழிகாட்டியாக அந்தப் புத்தகம் ஆகியவற்றோடு கிளம்பினேன். போனை சைலண்டில் போட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போவணும்?" என்று இரண்டு முறை கேட்டும் மௌனம் காத்தேன். மூன்றாவது முறை அவர் கேட்ட விதத்தில் சிதம்பரம் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே பாதி கட்டிய வீடு ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. மாடியேறிக் கைப்பிடிச் சுவரோரம் குப்புறப் படுத்தேன். மணி பதினொன்று. சித்திரை வெயில். தளம் தோசைக்கல்லாக இருந்தது. ஒரு பக்கம் வெந்ததும் நானே என்னைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிர்மாடியில் ஓர் அம்மாள் வேட்டியை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்தார். (என் நோட்டில் பதிவான ஒரே உளவுத் தகவல்: "வடகம். சீரகம் போட்டது.")

திடீரென்று அவர் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கி நேராக என்னைப் பார்த்தார்.

"ஐயையோ! எதுத்த மாடியில எவனோ படுத்துக்கினு என்னையே பாக்குறான்!"

பைனாகுலர் கண்ணாடி வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது பதினான்காம் அத்தியாயத்தில் வருகிறதாம். நான் பன்னிரண்டின் முடிவில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன்.

இரண்டு பேர் ஓடிவந்து என்னைக் கழுத்தோடு பிடித்துத் தெருவுக்கு இறக்கினார்கள். ஒருவர் டீ மாஸ்டர். இன்னொருவர் அயர்ன் கடைக்காரர். ஆமாம், அப்பா யாரைப் பார்க்கச் சொன்னாரோ அவர்களேதான்.

"யார்றா நீ? எந்த ஊரு?"

பிடிபட்ட வீரன் பெயரைத் தவிர எதையும் சொல்லக்கூடாது. "பேரு முரளி. அதுக்கு மேல ஒரு வார்த்த எங்கிட்டேர்ந்து வாங்க முடியாது" என்றேன்.

டீ மாஸ்டர் ஒரே ஓர் அறை விட்டார்.

ஊர், அப்பா பெயர், பவானியின் நட்சத்திரம், ராசி, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போடவிருந்த கேசரி வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

மாவுக் கையோடு இறங்கி வந்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க பொண்ணுக்கு அண்ணனா? நான்தான் தம்பி மாப்பிள்ளையோட அம்மா."

"விசாரிக்கணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாமில்ல?" என்றார் அயர்ன் கடைக்காரர். "புள்ள தங்கமான புள்ள. நீங்கதான் ஒரு மாதிரியா இருக்கீங்க."

யாரோ சொல்லி இளங்கோ கடையிலிருந்து ஓடிவந்தார். சிராய்த்த முழங்கைக்கு மருந்து போட்டார். அவர் கை நடுங்கியது. (சிரிப்பை அடக்கியதால்.) அவருடைய அம்மா என் பையைத் துழாவிப் புத்தகத்தை எடுத்து, அட்டையில் துப்பாக்கியோடு நின்றவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, திருப்பித் தராமலே உள்ளே போனார்.

போனில் பவானியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. எனக்குமுன் செய்தி கடலூர் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், "கெடுத்துட்டல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டீ மாஸ்டர் விட்ட அறை அன்று மாலையே ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

வருகிறோம் என்றோ வரவில்லை என்றோ சிதம்பரத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மா கேசரி கிளறினாள். பவானி புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பவானியைப் பார்த்தார். மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஒரே வூட்ல ரெண்டு பேரு இப்பிடி இருக்க மாட்டாங்க. பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு."

அப்பா என்னை நன்றியோடு பார்த்த ஒரே தருணம் அது.

பவானிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நான் சிதம்பரம் போனால், "மாமா வந்தாச்சு, எதுத்த மாடியப் பாரு" என்று இரண்டும் கத்துகின்றன. போன மாதம் போனபோது இளங்கோவின் அம்மா, இப்போது எனக்கு அத்தை, மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார். வேட்டி காற்றில் பறக்காமலிருக்க மூன்று மூலையில் செங்கல். நான்காவது மூலையில் என் புத்தகம். பன்னிரண்டின் முடிவில் அதே பஸ் டிக்கெட்.

"அத்தை, இன்னும் பாதி பாக்கி இருக்கு. எடுத்துக்கினு போய்ப் படிச்சு முடிச்சுடட்டுமா?" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி, காத்தடிக்குது."