இரணைதீவுக்கு ஒரு சின்னச் சுற்று

“அத்தான், கயித்தை விடுங்கோ! விடுங்கோ எண்டுறன்!”

பெனடிக்ற் விட்டார்.

“ஐயோ, அதில்லை, மற்றது!”

மற்றதையும் விட்டார். பாயின் அடியில் கிடந்த நீளக் கட்டை, விடியற்காலையிலிருந்தே இதற்காகக் காத்திருந்ததுபோல, படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுழன்று வந்து அவர் முகத்தைத் தடவிவிட்டுப் போனது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் இருந்த கண்ணாடி மட்டும் கடலில் இறங்கி, பார்வை மங்கிய ஏதோவொரு மீனுக்கு உதவப் போய்விட்டது.

“போச்சு!” என்றார் பெனடிக்ற். “இனி எனக்கு நீயும் பாய்மரமும் ஒண்டுதான். பாய்மரம் கதைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

“சும்மா இருங்கோ அத்தான். இரணைதீவுக்கு ஒரு சின்னச் சுற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டை நிப்பம்.”

பெனடிக்ற்றுக்கு அறுபத்தொரு வயது. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் மெசின் திருத்தும் கடை. வீடு கீரியில், கடலிலிருந்து முந்நூறு மீற்றர் தூரத்தில். அந்த முந்நூறு மீற்றரை அவர் ஒருநாளும் குறைய விட்டதில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் படகேறியவர்: தொண்ணூறாம் ஆண்டு, இந்தியாவுக்கு ஓடும்போது. அன்று அவர் எடுத்த வாந்தியில் இராமேஸ்வரக் கரை இரண்டடி உயர்ந்தது என்று மண்டபம் முகாமில் கடைசிவரை பேசிக்கொண்டார்கள். முகாமில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, விமானத்தில் ஏற்றினால்தான் ஊருக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, விமானத்திலேயே வந்து சேர்ந்தார்.

அப்பேர்ப்பட்டவர் இன்று படகில் நிற்கக் காரணம் ஒரு கடிதம்.

மகள் டிலோஜினி ஒஸ்லோவில் இருக்கிறாள். அடுத்த மாதம் தலைப்பிள்ளை பிறக்கிறது. பெனடிக்ற்றும் மனைவி றோசம்மாவும் போவதற்கு விசா வேண்டும். விசாவுக்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, இந்த ஆளின் பேரில் எந்த வழக்கும் இல்லை என்கிற பொலிஸ் றிப்போட். அது திங்கட்கிழமை கைக்கு வரும். மற்றது, றோசம்மாவின் தம்பி றொட்னி கையெழுத்திட வேண்டிய ஸ்பொன்சர் கடிதம். நோர்வேயில் இருபத்தெட்டு வருடம் லொறி ஓட்டிய றொட்னி, திடீரென்று வேலையை விட்டு வந்து, திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரரின் முப்பதடிப் பாய்ப்படகை வாங்கி, இனித் தீவு தீவாகப் போவதுதான் தன் வாழ்க்கை என்று அறிவித்திருந்தான். படகைக் கீரி வரைக்கும் ஓட்டி வந்து கொடுத்த இரண்டு திருகோணமலைக்காரர்கள், கரையில் குதித்த வேகத்திலேயே பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

“கடிதம் என்ர தோள்பைக்குள்ள பத்திரமாக் கிடக்கு அத்தான். ஒரு சுற்றுப் போட்டு வந்து வைக்கிறன் கையெழுத்து,” என்றான் றொட்னி.

“தம்பி தனியப் போறான். கூடப் போங்கோ,” என்றாள் றோசம்மா. பேரப்பிள்ளைக்காகப் பெனடிக்ற் படகேறினார்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டு இப்போது பத்தரை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசியது. போக வேண்டிய இரணைதீவும் வடகிழக்கில்தான்.

“றொட்னி, நாங்கள் போற பக்கத்தாலதானே காத்து வருகுது? பிறகெப்பிடி அங்கால போறது?”

“வளைஞ்சு வளைஞ்சு போகவேணும் அத்தான்.”

“கரை வலப்பக்கத்தில எல்லோ இருக்கவேணும்? இடப்பக்கத்திலதானே ஏதோ மங்கலாத் தெரியுது?”

“அதுதான் சொன்னனே, வளைஞ்சு போறம்.”

“எவ்வளவு நேரமா வளையிறம்? வளைஞ்ச வளைவுக்கு இந்நேரம் முடிச்சே விழுந்திருக்கும்! எங்க நிக்கிறம் எண்டு போனில மாப்பைப் பார்.”

றொட்னி தன் பெரிய போனை எடுத்து நீட்டினான். “நான் சுக்கானை விடேலாது. நீங்கள் பாருங்கோ.”

கண்ணாடி இல்லாத பெனடிக்ற் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நீலமாக இருந்தது. தூரப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் நீலம்தான். இன்னும் கொஞ்சம் தூரப் பிடிப்போம் என்று கையை நீட்டினார். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. போன் கண்ணாடியைத் தேடிப் போய்விட்டது.

றொட்னி நோர்வே மொழியில் ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருக்காது என்பது விளங்க அந்த மொழி தெரிய வேண்டியதில்லை.

“என்னட்டையும் போன் இருக்கு,” என்றார் பெனடிக்ற் அவசரமாக. அவருடைய பொத்தான் போன் அந்தக் கணமே சட்டைப்பைக்குள் கிணுகிணுத்தது. “பார், றோசம்மாதான். என்ன எழுதியிருக்கிறா எண்டு வாசி.”

றொட்னி வாசித்தான். திரும்பவும் வாசித்தான். “அக்கா இல்லை அத்தான். ‘இந்தியாவுக்கு நல்வரவு’ எண்டு வந்திருக்கு.”

பெனடிக்ற் விரல்விட்டு எண்ணினார். எல்லை தாண்டினால் பிடிப்பார்கள். பிடித்தால் வழக்கு. வழக்கு வந்தால் பொலிஸ் றிப்போட் இல்லை. றிப்போட் இல்லாவிட்டால் விசா இல்லை. பேரப்பிள்ளை வளர்ந்து, படித்து, கலியாணம் முடித்து, அதன் பிள்ளைகளோடு சிறைக்கு வந்து, “இவர்தான் பூட்டன்” என்று கம்பிக்கு வெளியே நின்று காட்டும் காட்சி அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது.

“திருப்பு! படகைத் திருப்பு!” என்று கத்தினார். கத்திக்கொண்டே, போன் வழியாகத் தங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதன் பற்றறியைக் கழற்றினார். போனும் கையிலிருந்து நழுவியது. எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

றொட்னி சுக்கானை ஒடித்துத் திருப்பினான். படகு அரைவட்டம் போட்டது. பிறகு, முழங்காலில் விழுந்து செபம் செய்யப் போகிறவர்போலப் பெருமூச்சு விட்டு நின்றது. ஒரு மணல்திட்டு. படகின் அடியில் ஐந்தடிக்கு நீட்டிக்கொண்டிருந்த கனத்த இரும்பு மணலுக்குள் குத்தி இறங்கியிருந்தது.

“அத்தான், இறங்கித் தள்ளுவமோ?”

“இது என்ன, உன்ர லொறியோ?”

அப்போதுதான் பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. ஒரு பைபர் படகு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெனடிக்ற் பாய்ந்துபோய், தங்கள் படகில் பறந்த இலங்கைச் சிங்கக்கொடியை இழுத்துக் கழற்றிச் சட்டைக்குள் திணித்தார். மற்ற மூலையில் நோர்வேக் கொடி மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஆடிக்கொண்டிருந்தது.

“என்ன எழுதியிருக்கு அந்தப் படகில?” என்று றொட்னியைக் கேட்டார்.

“முன்னுக்கு ‘அந்தோனியார் துணை’ எண்டிருக்கு. மிச்சத்தை வலை மூடிக் கிடக்கு.”

அந்தோனியார் இரண்டு கரைக்கும் பொது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் படகிலிருந்த முப்பத்தைந்து வயதுக்காரன் வாயைத் திறந்ததும் எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது.

“யாருங்க அது? தரை தட்டிடுச்சா?”

சுத்தமான தமிழ்நாட்டுத் தமிழ். இந்தியாதான். பெனடிக்ற் றொட்னியின் காதுக்குள் சீறினார்: “நீ வாய் திறக்காத! நீ ஊமை!”

“என்ன?”

“ஊமைக்கு ‘என்ன’ எண்டு கேக்கத் தெரியாது!”

பிறகு, பதினெட்டு வருடம் பேசிய பேச்சைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டு திரும்பினார். “ஆமாங்க தம்பி! நாங்க ராமேஸ்வரம்ங்க. வழி மாறி வந்துட்டோம். இவரு எங்க மச்சான். வாய் பேச வராதுங்க.”

அந்த மனிதன் திடுக்கிட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தணித்தான். “ராமேஸ்வரமா? அடப்பாவமே! நேவி கண்ணுல பட்டீங்கன்னா தூக்கி உள்ள வச்சிடுவான். போன வாரம்கூட இதே திட்டுல நாலு பேரைப் புடிச்சான்.”

பெனடிக்ற் கணக்குப் போட்டுப் பார்த்தார். இராமேஸ்வரத்துக்காரரை இந்திய நேவி ஏன் பிடிக்கிறது? ஆகவே இவன் நம்பவில்லை. கண்டுபிடித்துவிட்டான்.

“ஏன் தம்பி, எங்களைப் போய்…”

“என்கிட்ட மறைக்காதீங்கண்ணே. நீங்க எந்தப் பக்கம்னு உங்க பேச்சுலயே தெரிஞ்சுபோச்சு.”

அவ்வளவுதான். பெனடிக்ற் உடைந்துபோனார். “தம்பி, ஒங்களைக் கும்புட்டுக் கேக்குறேன். அடுத்த மாசம் பேரப்புள்ள பொறக்குது. கேஸுகீஸுன்னு ஆயிட்டா விசா போயிடும். யாருக்கும் தெரியாம எங்களை எங்க பக்கம் கொண்டு விட்டுடுங்க.”

“அழாதீங்கண்ணே. என் பேரு அலெக்ஸாண்டர். நான் இருக்கேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை அவன். பாய்மர உச்சியில் கயிறு கட்டி, படகைச் சாய்த்து, மணலிலிருந்து பிடுங்கி எடுத்தான். பிறகு பழஞ்சோற்றுச் சட்டியைத் திறந்து, றொட்னிக்கு முன்னால் குந்தி, வாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி, மூன்று மைல் தூரத்துக்குக் கேட்கும்படி கத்தினான். “பசிக்குதா? சோறு! சோறு!”

பழஞ்சோற்றைக் கண்டாலே ஓடுகிற றொட்னி, கண்ணீரோடு நாலு பிடி விழுங்கினான்.

“பாவம், நன்றி சொல்லக்கூட வாய் இல்ல,” என்றான் அலெக்ஸாண்டர். அன்று காலையிலிருந்து பெனடிக்ற்றுக்குக் கிடைத்த ஒரே இன்பம் அதுதான்.

“ரெண்டு பேரும் உள்ள போய்ப் படுத்துக்கங்க. நான் சொல்ற வரைக்கும் தலையைக் காட்டாதீங்க. எல்லையிலயே விட்டா மறுபடியும் வழி மாறிடுவீங்க. கரை தெரியற வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்.”

“கரை வரைக்குமா? ஒங்களுக்கு ஆபத்து இல்லியா தம்பி?”

“அதெல்லாம் பாத்தா மனுஷனா இருக்க முடியுமாண்ணே?”

பாய்ப்படகை நீலத் தறப்பாளால் மூடி, கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு போனான். உள்ளே இருட்டும் புழுக்கமும். றொட்னி இரண்டரை மணி நேரத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததை இரகசியக் குரலில் கொட்டத் தொடங்கினான்.

“என்னை ஏன் ஊமை எண்டனீங்கள்?”

“நீ வாயைத் திறந்தா ‘ஆமா’ எண்டு வராது, ‘ஓம்’ எண்டுதான் வரும். அந்த ஒரு ‘ஓம்’ போதும், ரெண்டு பேரும் உள்ளுக்கு!”

“கடிதத்தில கையெழுத்து வைக்கமாட்டன், பாருங்கோ!”

“வையாத. நான் இப்பவே ‘ஓம்’ எண்டு கத்திறன். ரெண்டு பேரும் ஒரே கூட்டுக்குள்ள கிடப்பம். பத்து வருசத்துக்கு ஒவ்வொரு நாளும் உன்ர படகைப் பற்றியே கதைப்பன்.”

றொட்னி ஒரு நிமிடம் யோசித்தான். பத்து வருடம் அத்தானோடு ஒரே கூட்டில்! மறுபேச்சில்லாமல் தோள்பையைத் திறந்தான். பெனடிக்ற்றின் முதுகு மேசையாயிற்று. கையெழுத்து விழுந்தது. பெனடிக்ற் கடிதத்தை மடித்துக் கொடியோடு சேர்த்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, செபமாலையில் ஐம்பத்துமூன்று மணியையும் நான்கு தடவை சுற்றி, இடையில் மூன்று தடவை றொட்னியின் நோர்வேத் தொப்பிக்குள் வாந்தியும் எடுத்தார். றொட்னி அந்தத் தொப்பியைப் பிறகு கேட்கவேயில்லை.

இயந்திரச் சத்தம் தணிந்தது. தறப்பாள் விலகியது.

“வாங்கண்ணே, வந்தாச்சு!”

பெனடிக்ற் தவழ்ந்து மேலே வந்தார். வெயில் சாய்ந்திருந்தது. மங்கலாக ஒரு வெள்ளைக் கரை. தென்னை போல ஏதோ. அங்கேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு படகு அவர்களை நோக்கிப் புறப்பட்டது.

“எங்கட நேவி வருகுது! இனிப் பயமில்லை!” என்று றொட்னியின் காதில் சொன்னார். எங்கோ ஒரு முன்பின் தெரியாத இந்தியன், இரண்டு பேரின் மானத்தையும் விசாவையும் காப்பாற்றி, தன் உயிரைப் பணயம் வைத்து ஊர்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

அலெக்ஸாண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கயிற்றைச் சுருட்டினான். அந்த நேரத்தில் பெனடிக்ற் சட்டைக்குள்ளிருந்து சிங்கக்கொடியை எடுத்து, உதறி, பாய்மரத்தின் உச்சிக்கு, காலையில் பறந்ததைவிட மூன்று மடங்கு உயரத்துக்கு ஏற்றினார். வருகிற சாம்பல் படகுக்கு இரண்டு கையையும் ஆட்டினார்.

“தம்பி! இந்த உதவியை உசுரு உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்!”

அலெக்ஸாண்டர் இயந்திரத்தை முடுக்கி, படகைத் திருப்பி, பின்னால் பார்க்காமலே கையை உயர்த்திக் கத்தினான்:

“இருக்கட்டும்ணே! மண்டபம் முகாம்ல பொறந்து வளந்து உங்க நாட்டு உப்பைத் தின்னவன் நான். இப்ப தலைமன்னாருக்கு வந்துட்டேன்னு, எங்க இலங்கை நேவிகிட்ட உங்களைப் புடிச்சுக் குடுப்பனா?”