பலகையைக் கடித்த நாய்

நாய் கடித்தால் இனி நாம் கவலைப்பட வேண்டாம், நாய்தான் கவலைப்பட வேண்டும் என்று எங்கள் தெருவே பேசிக்கொண்டது. காரணம், தகடு வைத்தியர். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வாசலில் விடிந்ததும் வரிசை வளைந்து நிற்கும். கடிபட்டவர் முதுகில் மந்திரத் தண்ணீரைத் தடவி, மெல்லிய பித்தளைத் தகட்டை அழுத்துவார். ஒட்டினால் உடம்பில் விஷம். அரை மணியில் விழுந்தால் விஷம் இறங்கிவிட்டது. ஒட்டாத முதுகும் இல்லை, விழாத தகடும் இல்லை. படித்தவர்கள்கூடச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். படிப்பு சட்டைப் பையோடு போய்விட்டது போலும்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி இருக்கத்தான் செய்தது. ஒரு குப்பியில் நாலு பேருக்கு மருந்து. திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும். எனவே நாலு பேர் சேராமல் திறக்கக் கூடாது என்பது ஸ்டோர் கீப்பர் போட்ட சட்டம்.

அன்று காலை தையல்காரரின் ஏழு வயது மகளைப் பள்ளி வாசலில் ஒரு நாய் கணுக்காலில் கடித்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய தையல்காரரிடம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே ஸ்டோர் கீப்பர் சொன்னார்: "இன்னும் மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க."

கடிபட்டவர்களுக்கு எங்கே போவது? தகடு வைத்தியர் வாசலில்தான் மொத்தமாகக் கிடைப்பார்கள். மூன்று பேரை அழைக்கப் போன தையல்காரர், அங்கே இருந்த பதினொரு பேர் பேச்சில் மயங்கி, மகளோடு தானும் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து சுகாதார நிலையத்தில் ஊசி போடும் நர்ஸம்மா வந்தார். மூன்றாவது ஊசிக்கு வராமல் டிமிக்கி கொடுத்த ஓர் ஆளைத் தேடி, அவருடைய ஊசி அட்டையோடு அலைந்துகொண்டிருந்தவர். குழந்தையின் முதுகில் தகடு, காலில் கழுவாத காயம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையைக் குழாயடிக்கு இழுத்துப்போய் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார். தகடு விழுந்துவிடும் என்று வைத்தியர் உள்ளே உட்கார்ந்தபடியே தடுத்தார். விழட்டும் என்றார் நர்ஸம்மா. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, வருவதற்குள் ஊசி போட்டால்தான் பிள்ளை பிழைப்பாள் என்று தையல்காரரிடம் சொன்னார்.

தையல்காரர் கலங்கிப்போனார். "தகடு ஒட்டுச்சே சிஸ்டர். விஷம் இல்லாமயா ஒட்டும்?"

நர்ஸம்மா மந்திரத் தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசு என்றது. சுத்தமான கோந்துத் தண்ணீர். அதை ஒரு கை அள்ளினார். வாசலில் இருந்த தகரப் பலகையில் வைத்தியரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. படத்தின் நெஞ்சில் தண்ணீரைத் தடவித் தகட்டை அழுத்தினார். கச்சிதமாக ஒட்டியது.

"இந்தப் பலகையை எந்த நாய் கடிச்சுது அண்ணே?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஊரார் விஷமெல்லாம் தன் படத்தில் இறங்கியிருக்கிறது என்று சொல்லியபடி வைத்தியர் நொண்டி நொண்டி முன்னால் வந்தார். நர்ஸம்மா அந்தக் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். தொழில், வியாபாரம் என்று எழுதியிருந்தது. அதில் பொய்யில்லை.

"நீங்கதானா? மூணாவது ஊசி முந்தாநாளே போட்டிருக்கணும்."

தையல்காரர் வைத்தியர் பக்கம் திரும்பினார். கையில் தகட்டை வைத்துக்கொண்டு ஊசிக்கு ஏன் போனீர் என்று கேட்டார்.

வைத்தியர் குரலைத் தாழ்த்தினார். "என் முதுகு எனக்கு எட்டாதேப்பா."

அடுத்த அரை மணியில் குழந்தையோடு சேர்த்துக் கடிபட்ட பன்னிரண்டு பேர் ஊர்வலமாகச் சுகாதார நிலையம் போனார்கள். மூன்று குப்பிகள் திறந்தன. தையல்காரர் மகள் கொஞ்சம் அழுதாள், பிறகு மிட்டாய் கேட்டாள். பதின்மூன்றாவதாக வைத்தியர் நின்றார். இன்னும் மூணு பேர் வேண்டும் என்றார் ஸ்டோர் கீப்பர். நர்ஸம்மா அவரை விலக்கிவிட்டு, நாலாவது குப்பியை எடுத்துத் திறந்தார். பொய்யனுக்கும் உயிர் உயிர்தான் என்றார்.

தையல்காரர் நகரவில்லை. "இவர் ஒரு ஆளுக்குத் திறக்க முடியுதுல்ல? காலைல என் பொண்ணுக்கு ஏன் முடியல?"

ஸ்டோர் கீப்பர் முதல் முறையாகப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

தகடு ஏன் ஒட்டுகிறது என்று கேட்க நமக்கு ஒரு நர்ஸம்மா வர வேண்டியிருந்தது. குப்பி ஏன் திறக்கவில்லை என்று கேட்கவும் அவரேதான் வர வேண்டுமா? முதுகுதான் ஐயா எட்டாது. மூளை எட்டும்.